வண்டி வராத நாடகம்

1.

இந்தக் கதை எனக்கு ஹோனியாரா என்ற தீவுத் தலைநகரின் சந்தையில் கிடைத்தது. வீதி நாடகக்காரன் ஹென்ஸ்லி பாக்கு மென்றுகொண்டே, சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் துப்பிவிட்டு, மீதியைக் கூட நடிக்கும் ஜெரோலினிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று எழுந்து போய்விட்டான். கேட்டேன். எழுதவும் உட்கார்ந்தேன்.

சமூக மாற்றத்தின் கருவியாக வீதி நாடகம்...

(அடித்துவிட்டேன். இதே வாக்கியத்தை அவர்கள் நாடகக்குழு வேனின் பக்கவாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.)

2.

ஐந்து இளசுகள், ஒரு தகர மேளம், ஒரு வேன். பெண்டாட்டியை அடிப்பது குற்றம் என்று குடியிருப்பு குடியிருப்பாகப் போய் நடித்துக் காட்டுவது வேலை. ஹென்ஸ்லி புருஷன், ஜெரோலின் பெண்டாட்டி. அடுப்புக்கரியும் உதட்டுச்சாயமும் குழைத்துக் கண்ணுக்குக் கீழே பூசினால் காயம் தயார். ஹென்ஸ்லி கம்பை ஓங்கும்போதெல்லாம் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.* கடைசியில் அட்டையில் செய்த போலீஸ் வண்டி வந்து அவனை அள்ளிக்கொண்டு போகும். ஒரே கைதட்டல்.

* ஏன் சிரித்தார்கள் என்று இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. ஜெரோலின் படித்துவிட்டு, "நீங்க என்ன அவங்களுக்கு வக்கீலா?" என்றாள். எடுத்துவிட்டேன்.

3.

டாவோ மேட்டுக் குடியிருப்பின் அடிவாரத்தில் ஆடியபோது ஒருத்தி சிரிக்கவில்லை. பெயர் டோர்கஸ். இடுப்பில் குழந்தை. ஆட்டம் முடிந்ததும் ஜெரோலினை ஓரமாகக் கூப்பிட்டு, நாடகத்தில் சொன்ன போலீஸ் போன் நம்பர் நிஜமா என்று கேட்டாள்.

"நெசந்தான்க்கா. கூப்பிடுங்க, வருவாங்க."

ஜெரோலின் நம்பித்தான் சொன்னாள்.

அடுத்த முறை அதே மேடு, அதே நாடகம். டோர்கஸ் முன்வரிசையில் இருந்தாள். ஒரு கையில் மாவுக்கட்டு, மறு கையில் குழந்தை. பக்கத்தில் புருஷன். அடிக்கிற காட்சியில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அவன்தான். அட்டை வண்டி வந்ததும் அவள் எழுந்தாள்.

"இந்த வண்டிக்கு மட்டும் டீசல் இருக்கா, தங்கச்சி?"

கூட்டம் அன்றைக்கு அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தது.

அவள் கூப்பிட்டிருக்கிறாள். டீசல் இல்லை, நீயே வாங்கிப் போட்டால் வருகிறோம் என்றிருக்கிறார்கள். பேசியதைப் புருஷன் கேட்டுவிட்டான். இதையெல்லாம் பக்கத்துவீட்டுப் பெண்கள் பிறகு சொன்னார்கள். ஜெரோலினுக்கு அந்த மாவுக்கட்டைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது.

(அவள் கை ஒடிந்ததைத் தனிக் காட்சியாக எழுதினேன். வாக்கியங்கள் அழகாக வந்தன. அதனாலேயே கிழித்தேன்.)

4.

டோர்கஸ் அப்படிக் கேட்டதும் ஜெரோலின் அட்டை வண்டியைப் பிடித்து வந்த வழியே தள்ளிவிட்டாள். மண்ணில் படுத்தாள்.

"வண்டி வரல. நீ அடி" என்றாள் ஹென்ஸ்லியிடம்.

அவன் வேடிக்கையென்று நினைத்துக் கம்பை ஓங்கினான். அவள் கையைத் தூக்கி மறைக்கவில்லை, அலறவில்லை, அவனையே பார்த்தாள். மேளம் நின்றுபோயிற்று.

"எந்திரி ஜெரோ. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அடி."

ஹென்ஸ்லி கம்பைப் போட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வேனில் ஏறிக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. டோர்கஸின் புருஷன் குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினான். குழந்தை போன பக்கம் அவளும் போனாள்.

குழுவை நடத்துகிறவர் தம் அறிக்கையில் 'பார்வையாளர் பங்கேற்பு மிகச் சிறப்பு' என்று எழுதினார். ஜெரோலின் இனிமேல் மேளம் தட்டினால் போதும் என்றும் சொல்லிவிட்டார்.

5.

முதல் முடிவு: ஜெரோலின் மேலே ஓடி, டோர்கஸையும் குழந்தையையும் பாதிரியார் வீட்டுக்கு... நன்றாகத்தான் வந்தது. ஆனால் இப்படியொரு நல்ல முடிவை ஏற்கெனவே டோர்கஸுக்கு நடித்துக் காட்டியாயிற்று. அதை நம்பித்தான் கை ஒடிந்தது.

இரண்டாவது: அவளுடைய அண்ணன்மார் வந்து... (வரமாட்டார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணுக்கு விலையாக வாங்கிய சிப்பிக்காசைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.)

எப்படி முடிக்கட்டும் என்று ஜெரோலினிடமே கேட்டேன்.

"எது வேணா எழுதுங்க. வண்டி வந்துச்சுன்னு மட்டும் எழுதாதீங்க."

ஆகவே டோர்கஸ் மேட்டில் ஏறிப்போன அந்த மாலையிலேயே நிறுத்துகிறேன். மேட்டுப் பாதை மழையில் வழுக்கலாகக் கிடக்கிறது. மற்றவர்கள் வேனில் ஏறிவிட்டார்கள், ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். ஜெரோலின் இன்னும் ஏறவில்லை. வேனில் ஏற்றுவதோ மேட்டுக்கு அனுப்புவதோ உங்கள் பாடு. மேட்டுக்கென்றால் அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள்.