செய்திக்கு மேலே ஒரு குரல்

ஷிஜி வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்து, அம்மாவின் தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். கையை எடுத்ததும் வாய் மறுபடியும் லேசாகத் திறந்தது.

"உயிரோட இருக்கப்பவே மூடாத வாயி, இப்பமா மூடப்போவுது?" என்றாள் கால் பக்கம் நின்ற மாமி. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

துணியை அவிழ்த்து மறுபடி கட்டும்போது ஜன்னலுக்கு வெளியே ஆன்ஸ்லினின் குரல் கேட்டது. அண்ணன் முற்றத்தில் நடந்துகொண்டே போனில் பேசினான். பந்தல், மைக் செட், கல்லறைத் தோட்டத்தில் குழி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தான். அடுத்த அழைப்பில் குரலைத் தாழ்த்தினான்.

"ஸ்ரீஜித் சாரா? அம்மெ இன்னைக்கு விடியக்காலத்த தவறிட்டாவ. ஆமா சார், சாயங்காலம் அடக்கம். வரும்போ அந்த மெஷினயும் எடுத்துட்டு வாருங்க, கேசட்ட தந்துருதேன். இனி அம்மெக்க சத்தத்த வெட்டுகதுக்கு ஒரு தடையும் இல்ல."

ஷிஜியின் விரல்கள் முடிச்சிலேயே நின்றுவிட்டன.

அந்தக் கேசட்டு வீட்டில் யாருக்கும் ரகசியமில்லை. எண்பத்து நாலில் அப்பா சத்தியநேசன் மஸ்கட்டில் இருந்தார். எழுதினால் கோபம் தாளில் ஏறவில்லை என்று அம்மா ரெத்தினபாய் கேசட்டில் பேசித்தான் அனுப்புவாள். லீவுக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் அது போய்ச் சேரும். ஒரு நாள் அவள் டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, தன் அப்பா சீதனமாகத் தந்த வயலை விற்கக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று புருஷனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பக்கத்து மேசையிலிருந்த ரேடியோவில், பிரதமர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. வயலை விற்று விசா எடுக்கக் காத்திருந்தவர் அப்பாவின் தம்பி ஜாண்றோஸ். அவர் போட்ட சத்தமும் அதில் உண்டு. இடையில் அழுகிற குழந்தை ஷிஜி. வாசலுக்கு வெளியே மயிலாடிச் சிற்பிகளின் கல்லுளிச் சத்தம். மஸ்கட்டிலிருந்து திரும்பும்போது அப்பா அந்தக் கேசட்டைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் ஸ்ரீஜித், வானொலியில் வந்த இப்படிப்பட்ட பழைய அவசரச் செய்திகளை யாராவது பதிந்து வைத்திருக்கிறார்களா என்று வருடக்கணக்காக வீடு வீடாகத் தேடுகிறவர். "எங்கிட்ட உண்டு சார்" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். போய்ப் போட்டுக் கேட்டால் அதன்மேல் கிறிஸ்துமஸ் பாட்டு இருக்கும், கல்யாண ஜெபம் இருக்கும், கன்வென்ஷன் பிரசங்கம் இருக்கும். இந்த வீட்டில் கேட்டபோது அவர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். அந்தக் குரல், அந்தச் செய்தி. ஆனால் அதன்மேல் ஒரு பெண் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கம்ப்யூட்டர்ல உங்க குரல மட்டும் எடுத்துட்டா செய்தி தெளிவாக் கிடைக்கும்" என்றார்.

"எடுத்துட்டா பெறவு நான் எங்க?" என்று கேட்டு அம்மா கேசட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அது போன மாதம்.

மத்தியானம் கழிந்து ஸ்ரீஜித் ஒரு மாலையும் தோளில் கறுப்புப் பையுமாக வந்தார். அம்மாவை வைத்திருந்த பெட்டியின் முன்னால் நெடுநேரம் கைகூப்பி நின்றார். ஆன்ஸ்லின் அவரைப் பின்னறைக்குக் கூட்டிப் போனதும் ஷிஜியும் பின்னாலேயே போனாள். அலமாரிச் சாவி அண்ணன் கையில் இருந்தது.

"ஏட்டி, நீ எதுக்கு இஞ்ச வாற? அங்க ஆளு வந்துட்டு இருக்கு, போய் இரி."

"கேசட்ட குடுக்கண்டாம்."

"குடுத்தா அம்மெக்க பேரு நாலுபேருக்குத் தெரியும்லா?"

"சத்தத்த வெட்டிட்டுப் பேர வச்சு என்ன செய்ய?"

ஆன்ஸ்லின் கதவைச் சாத்தினான். "ஏட்டி, நீ யோசிச்சுப் பாரு. சித்தப்பா இன்னைக்கு சபைச் செயலாளரு. அவரு அன்னைக்குப் பேசின அசிங்கத்த ஊரெல்லாம் கேக்கணுமா? பொண்டாட்டி புருசனுக்கிட்ட மல்லுக்கு நிக்கத கேக்கணுமா?"

"நீ நிக்குத தரை எதுண்ணு தெரியுமா உனக்கு? அந்த வயலுதான். அவ அன்னைக்கு வாய மூடியிருந்தா இந்த வீடு எங்க, நீ எங்க?"

ஷிஜி இவ்வளவு சத்தமாகப் பேசி அண்ணன் கேட்டதில்லை. சந்தையில் விலை கேட்கக்கூட அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ரீஜித் மெதுவாகச் சொன்னார். "அக்கா, தப்பா நினைக்கண்டாம். இது வரலாறு. அதுக்குச் செய்திதான் தேவை."

"அம்மெ பேசினது பின்ன என்ன, மழைச்சத்தமா?"

அந்த நேரம் கதவு திறந்தது. அப்பா நிலையைப் பிடித்தபடி நின்றார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர்.

"அந்தப் பேச்சு எனக்குள்ளது" என்றார். "நியூஸுதான் நடுவுல வந்து கேறினது."

திரும்பிப் பந்தலுக்குப் போய்விட்டார். ஆன்ஸ்லின் கேசட்டை மேசைமேல் போட்டான்.

"சரி. இன்னைக்கு இந்தப் பேச்சே வேண்டாம். பொறவு பாக்கலாம்." சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஷிஜியிடம் நீட்டினான். "அம்மெக்க ஜீவிய சரித்திரம். ஜெபத்துக்கு முன்னால நீ வாசி. மகள் வாசிச்சாத்தான் நல்லாருக்கும்."

அவன் போனதும் ஷிஜி தாளைப் படித்தாள். சாந்தகுணம் என்று இருந்தது. அடக்கம் என்று இருந்தது. ஒருவரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர் என்றும் இருந்தது.

"சார், நீங்க இந்தக் கேசட்ட முழுசாக் கேட்டதுண்டா?" என்று கேட்டாள். "நியூஸு வாற எடத்த மட்டும்தான கேட்டிய?"

ஸ்ரீஜித் பையைத் திறந்து, கேசட்டு போடும் கருவியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பந்தல் நிறைந்திருந்தது. பாட்டு முடிந்து, போதகர் ஷிஜியைப் பார்த்துத் தலையசைத்தார். முன்வரிசையில் ஜாண்றோஸ் சித்தப்பா வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவள் கருவியை இடுப்பில் அணைத்துக்கொண்டு மைக்கின் முன்னால் வந்தாள். அம்மாவின் பேரையும் பிறந்த ஊரையும் வாசித்தாள். தாளை மடித்தாள்.

"மிச்சத்த அம்மெயே சொல்லுவாவ" என்று கருவியை மைக்கோடு சேர்த்துப் பிடித்துப் பொத்தானை அமுக்கினாள்.

"கேட்டியளா, பிள்ளைக்குக் காய்ச்ச விட்டுட்டு. இனி வயலு காரியம் சொல்லுதேன்."

பந்தலே நிமிர்ந்தது. இருபத்தாறு வயது ரெத்தினபாயின் குரல், கிண்ணத்தில் கரண்டி தட்டினதுபோல. அதற்குக் கீழே ரேடியோவில் ஓர் ஆண்குரல் நிதானமாக, கனமாகச் செய்தி சொல்லத் தொடங்கியது. வயதானவர்களுக்கு அது என்ன செய்தி என்று உடனே தெரிந்துவிட்டது. ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். குழந்தை அழுதது. அப்புறம் வாலிபனாயிருந்த ஜாண்றோஸின் கத்தல்.

"மைனி, நிப்பாட்டும் அத! நாட்டுக்கே எழவு விழுந்து கெடக்கு, உமக்கு வயலா பெரிசு?"

"எழவுக்கு அழத்தான் வேணும். அழுவேன். சொல்ல வந்தத சொல்லிட்டு அழுவேன்."

"உம்ம வாயில மண்ண அள்ளிப் போட!"

"போடும் வே. அந்த மண்ணும் எனக்க வயலுக்குள்ளதுதான்."

பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாண்றோஸ் எழுந்தார். ஆன்ஸ்லின் மைக் வயரை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். ஷிஜி நகரவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேர் நடுவில் அவன் அவள் கையைத் தட்ட வேண்டும், இல்லையென்றால் நிற்க வேண்டும். அவன் நின்றான்.

"கேட்டியளா," என்றது அம்மாவின் குரல், மூச்சு வாங்க. "நீங்க சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டேன். கோவப்பட்டா பட்டுக்கிடுங்க. உடம்பப் பாத்துக்கிடுங்க."

பொத்தான் விழும் சத்தம். பிறகு வெறும் இரைச்சல்.

ஜாண்றோஸ் சித்தப்பா எங்கே போவதென்று தெரியாமல், எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தார். ஸ்ரீஜித் பந்தல் ஓரமாக வந்து அவள் பக்கத்தில் நின்றார். கையில் பேனாவும் பதிவுகளைக் குறித்துவைக்கும் நோட்டும் இருந்தன.

"அம்மாக்க பேர எப்படி எழுதணும் அக்கா?"

"கே. ரெத்தினபாய். பேசினது அவதான். அத மேல எழுதுங்க. நியூஸ கீழ எழுதுனா போதும்."

அவர் எழுதினார்.

ஸ்பீக்கரில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி தூக்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். போதகர் வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிப் போட்டு, காதுக்குப் பின்னால் கையைக் குவித்தபடி உட்கார்ந்திருந்தார்.