ஏழாம் பக்கத்து யானை

கடிதமும் புத்தகக் கட்டும் ஒரே கப்பலில் வந்து இறங்கியதுதான் கோளாறு. அறுபத்தெட்டாம் வருஷம், ஜூன் மாதம். மெட்ராஸ் கப்பல் ரிப்பேருக்கு நின்றுவிட்டு முப்பத்தொன்பது நாள் கழித்து போர்ட் பிளேர் வந்தது. பெரார்கஞ்சைத் தாண்டி, காட்டிலாகாக் கேம்பை ஒட்டி இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டும் ஒரே ஜீப்பில் வந்தன. மங்கையர்க்கரசி டீச்சர் முதலில் கட்டைப் பிரித்தாள். ஆசை யாரை விட்டது? கடிதத்தை அப்புறம்தான் பிரித்தாள்.

பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம், எல்லாம் கலர். தீவுப் பிள்ளைகளுக்கென்று அவளே வரைந்து, ஒரு வருஷம் கல்வி ஆபீஸுக்கு நடையாய் நடந்து சாங்ஷன் வாங்கிய படப் புத்தகம். நண்டு வந்திருந்தது. டோங்கி என்று இங்கே சொல்கிற சின்னப் படகு வந்திருந்தது. தகரக் கூரைமேல் பெய்யும் மழைகூட அவள் வரைந்த மாதிரியே வந்திருந்தது. ஏழாம் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஒரு தாமரைக் குளம். குளத்தில் முழங்கால் தண்ணீரில் நெற்றிப்பட்டமும் கழுத்து மணியுமாக ஒரு கோயில் யானை. கீழே, “யானை குளத்தில் குளிக்கிறது.”

அவள் வரைந்து அனுப்பியது கடல், அதில் கேம்ப் யானை சம்பா. எழுதி அனுப்பியது, “சம்பா கடலில் நீந்துகிறது.”

அச்சகத்தார் எழுதியிருந்த கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. “ஏழாம் பக்கத்தில் யானை கடலில் நீந்துவதாக வரைந்திருக்கிறீர்கள். குழந்தைகள் மனத்தில் பிழையான செய்தி பதியக் கூடாது. ஆகவே எங்கள் ஓவியரைக் கொண்டு அப்படத்தைத் திருத்த எண்ணியுள்ளோம். பதினைந்து நாட்களுக்குள் தங்கள் மறுப்பு வராவிடில் சம்மதமாகக் கொள்வோம்.”

பதினைந்து நாளாம்! அந்தக் கடிதம் மெட்ராஸ் துறைமுகத்துத் தபால் மூட்டையிலேயே ஒரு மாதம் குடியிருந்திருக்கிறது. பதில் வரவில்லை என்றால் தீவுக்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான், கப்பல் வரவில்லை. மெட்ராஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சம்மதம். அவர் பாட்டுக்குக் கடலைத் தூர்த்துக் குளம் வெட்டிவிட்டார். மங்கையர்க்கரசிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்துக்கு அடியில் பயமும் இருந்தது. அந்தப் பயம் சந்திரமதியை நினைத்து.

சந்திரமதி, கேம்பில் யானை ஓட்டும் கோவிந்தராஜின் மகள். இப்போது மூன்றாம் வகுப்பு. மங்கையர்க்கரசி மாயவரத்திலிருந்து வேலைக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அன்று அரிச்சுவடியில் யானைப் படம் காட்டி, யானை என்னவெல்லாம் செய்யும் என்று டீச்சர் கேட்டாள். சந்திரமதி துள்ளி எழுந்தாள்.

“எங்க சம்பா சமுந்தர்ல நீந்தும் டீச்சர்! அந்தப் பக்கத்துத் தீவு வரைக்கும் போகும். அப்பாவும் மேல போவாரு!”

“பொய் சொல்லக் கூடாது.”

“சச்சி, டீச்சர்!”

சச்சி என்றால் நிசம் என்றுகூட மங்கையர்க்கரசிக்கு அப்போது தெரியாது. எதிர்த்துப் பேசுகிறாள் என்று நினைத்தாள். மாயவரத்தில் அவள் பார்த்த யானை, கோயில் வாசலில் நின்று காசு வாங்கித் தலையில் தும்பிக்கை வைக்கிற யானை. அதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? குழந்தையைப் பெஞ்சு மேல் ஏற்றி, மத்தியான மணி அடிக்கும்வரை நிற்க வைத்தாள்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெட்டியில் படகுக்காக நின்றிருந்தபோது, கடலுக்கு நடுவே கறுப்பாக என்னவோ நகர்ந்து வந்தது. அதன் முன்னால் ஒரு தும்பிக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு ஆள். வெகு தூரம், வெயிலில் கண் வேறு கூசியது, ஆனாலும் அது யானைதான். பக்கத்தில் நின்ற பெங்காலிக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது பஸ் போகிற மாதிரி. மங்கையர்க்கரசி மட்டும் தன் படகு வந்து போனதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள்.

மறுநாளே அந்தக் குழந்தையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எந்த டீச்சர் ஆறு வயசுப் பிள்ளையிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னாள்? வாய் வரவில்லை. அதற்குள் சந்திரமதி மாறிவிட்டிருந்தாள். புத்தகத்தில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் அவள் வாயிலிருந்து வராது. ஏர் என்றால் ஏர், நரி என்றால் நரி. தீவில் நரியே கிடையாது, நரி தந்திரமானது என்று ஒப்பிப்பாள். நல்ல அடக்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். மங்கையர்க்கரசிக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும்.

வாயால் சொல்ல முடியாததைப் படமாகப் போட்டுவிடலாம் என்றுதான் இந்தப் புத்தகமே. “உங்க சம்பா புத்தகத்துல வரப் போறா” என்று போன வருஷம் வகுப்பில் சொன்னபோது சந்திரமதி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் டீச்சர் அந்தக் கடலை நாலு தடவை வரைந்தாள். இப்போது அச்சடித்த புத்தகமே வந்து இரண்டாம் முறையும் அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கப் போகிறது.

வந்த ஜீப் அன்று மாலையே போர்ட் பிளேர் திரும்பியது. ஏழாம் பக்கம் தப்பாக வந்திருக்கிறது என்று டிரைவர் கையில் கல்வி ஆபீஸுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலை அதிகாரி திருநாவுக்கரசு அதே ஜீப்பில் வந்து இறங்கினார், புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு அவர் கையால் கொடுக்க. கெட்ட மனுஷர் இல்லை. கடிதத்தைப் படித்தார், ஏழாம் பக்கத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“படம் நல்லாத்தானேம்மா இருக்கு. சின்னப் பசங்க, இதெல்லாம் கவனிக்கவா போறாங்க? இப்ப வேணாம்னு திருப்பி அனுப்பினா அடுத்த புக்குக்கு சாங்ஷன் வராது. போகட்டும், விடுங்க.”

அவர் டீ குடிக்கப் போன கால் மணி நேரத்தில் மங்கையர்க்கரசி ஒரு காரியம் செய்தாள். மைதாப் பசையை எடுத்து, இருபது புத்தகத்திலும் ஆறாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் சேர்த்து ஒட்டினாள். பள்ளிக்கூடத்தில் பால் காய்ச்சிக் கொடுக்கிற ஜெயமணி மழைக்கு வாசலில் ஒதுங்கி நின்று பார்த்தாள்.

“இந்த பாரிஷ்ல அப்பளமே ஒரு வாரமாக் காயல டீச்சர். பசையா காயப் போவுது?”

“சும்மா இரு ஜெயமணி.”

ஒட்டின பக்கத்தைப் பிரிக்காத பிள்ளை உலகத்தில் எங்காவது உண்டா? இது ஒரு டீச்சருக்குத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். புத்தகம் கைக்குப் போய் இரண்டு நிமிஷம் ஆகவில்லை, வகுப்பு முழுக்க சர் சர்ரென்று சத்தம். ஈரப் பசை பிரிந்து வந்தது. இருபது புத்தகத்திலும் குளம் வெளியே வந்துவிட்டது.

பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு சந்திரமதியைப் பார்த்தார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் தாமரைப் பூவைத் தொட்டாள். அப்புறம் நெற்றிப்பட்டத்தைத் தொட்டாள்.

திருநாவுக்கரசு உற்சாகமாக அவள் பக்கம் வந்தார். “எங்கே பாப்பா, நீ சொல்லு. யானை எங்கே இருக்கு?”

சந்திரமதி எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். டீச்சரை ஒரு தடவை பார்த்தாள்.

“குளத்துல இருக்கு சார்.”

“சபாஷ்! யானை வேற எங்கேயாவது நீந்துமா?”

“நீந்தாது சார். குளத்துல குளிக்கும்.”

வாழ்நாளில் ஒரு குளத்தைக்கூடக் கண்ணால் பார்க்காத பிள்ளை அது. அவள் அப்பா போன வாரம்தான் சம்பாவின் மேல் கடலைத் தாண்டிப் போய் வந்திருந்தார். அன்றைக்குப் பொய் சொல்லாத குழந்தையைப் பொய் சொன்னாள் என்று நிறுத்தினாள். இன்றைக்கு அதே குழந்தை, எட்டு வயசில், கூசாமல் பொய் சொல்லிச் சபாஷ் வாங்குகிறது. இதைக் கற்றுக்கொடுத்தது வேறு யார்?

“சார், அது தப்பு” என்றாள்.

திருநாவுக்கரசு திரும்பினார். “என்னம்மா தப்பு?”

“புத்தகம் தப்பு சார். இந்தப் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ்ல, யானை கடல்ல நீந்தும்னு சொன்னா. நான் நம்பல. பொய்யின்னு சொல்லி பெஞ்சு மேல நிக்க வெச்சேன். அப்புறம் நானே கண்ணால பாத்தேன். பாத்தும் இத்தனை நாளா வாயத் தெறக்கல.” பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “சந்திரமதி, நீ சொன்னதுதான் நிசம். நான் பண்ணினது தப்பும்மா.”

டீச்சர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? திருநாவுக்கரசு கையிலிருந்த புத்தகத்தை மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில், “ரிப்போர்ட்ல நான் என்னத்தை எழுத?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சந்திரமதி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கட்டின கை கட்டினபடியே இருந்தது.

மங்கையர்க்கரசி அலமாரியைத் திறந்து, மெட்ராஸுக்கு அனுப்புவதற்கு முன்னால் பென்சிலில் போட்டு வைத்திருந்த படத்தை எடுத்தாள். அதைச் சந்திரமதியின் முன்னால் விரித்து வைத்தாள். கடல், அலை, தூக்கிய தும்பிக்கை, மணி, வால், யானையின் கழுத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் கோவிந்தராஜ்.

“இதுதான் நான் வரைஞ்சு அனுப்பினது.”

மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சந்திரமதி வெகு நேரம் பார்த்தாள். மெல்ல அவள் புருவம் சுருங்கியது. அதிகாரியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினாள்.

“சொல்லு” என்றாள் மங்கையர்க்கரசி.

“இதுவும் கலத் டீச்சர்.”

“என்ன தப்பு?”

“அப்பா இப்படி உக்கார மாட்டாரு. சம்பா முதுகெல்லாம் தண்ணிக்குள்ள போயிடும். உக்காந்தா அப்பாவும் முழுகிடுவாரு. அவரு நின்னுக்கிட்டுத்தான் போவாரு.” கட்டிய கை அவிழ்ந்து படத்துக்கு வந்துவிட்டது. “காது இவ்ளோ வெளிய தெரியாது. அந்த மணியும் கிடையாது. வால் தெரியவே தெரியாது டீச்சர், நீங்க எதுக்கு வால் போட்டீங்க?”

பேச்சு நிற்கவே இல்லை. இரண்டு வருஷத்துப் பேச்சு. மங்கையர்க்கரசி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையிலிருந்த பென்சிலையும் ரப்பரையும் எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். சந்திரமதி முதலில் வாலை அழித்தாள்.