ஃபாதர் இல்லாத பாதி

"என்னடி, உன் ரேடியோ என்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுது?" என்று நாத்தனார் கட்டிலில் இருந்தபடியே சண்டைக்கு வந்தபோது, அவள் வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தாள்.

அவள் மறைமாவட்ட வானொலியில் ஒலிப்பதிவாளர். கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு கம்பம், ஒழுகும் ஏசி, அவ்வளவுதான் நிலையம். போன மாதம் அரசாங்க உத்தரவு வந்தது. பாதிரியார்கள் குரல் ஒலிபரப்பாகக் கூடாது. பொதுமக்கள் பாடலாம், ஜெபிக்கலாம். அதையும் முன்னதாகவே பதிவு செய்து, அதிகாரி கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மீறினால் பூட்டு. பங்குச் சாமியார் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தேறி, நிலையத்தில் எல்லோருக்கும் டீ போட ஆரம்பித்தார். டீக்குத் தடை இல்லை. அவர் போடும் டீயை உத்தரவு போட்டவர்கள் ஒரு வாய் குடித்திருந்தால் அதையும் தடை செய்திருப்பார்கள்.

மாலை ஜெபமாலைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதியைச் சாமியார் சொல்வார், பின்பாதியைச் சபை சொல்லும். பழைய பதிவிலிருந்து சாமியார் குரலை மட்டும் வெட்டினாள். வெட்டிய இடங்களை ஒட்டிப் பார்த்தால் பின்பாதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. சரி போகட்டும் என்று வெற்றிடமாகவே விட்டாள். அதிகாரிக்கு நிலையத்தில் கத்தரிக்கோல் என்று பெயர். வெற்றிடத்தில் வெட்ட அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை; கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கேட்பவர்கள் சும்மா இருப்பார்களா? இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையான நாத்தனார் முதல் நாளே முன்பாதியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பதில் சொன்னவளுக்கு இப்போது ஒரு சபையே பதில் சொல்கிறது. மாலையானால் தலைவாரச் சொல்லி, தலையணையை நிமிர்த்தச் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருக்கிறாள். அவளை அப்படிப் பார்க்க இவளுக்கு அத்தனை சந்தோஷம்.

"நான் முடிக்கிறதுக்குள்ள உன் ஆளுங்க வந்து விழுறாங்கடி. மூச்சு வாங்குது. பக்கத்து வீட்டு டெய்லருக்கும் இதே பாடுதானாம்."

இவளுக்கு உறைத்தது. வெற்றிடம் சாமியாரின் வேகத்துக்கு விட்ட அளவு. அடுப்பில் பால் வைத்துவிட்டே அவர் பூசைக்கு வரலாம், பொங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்று ஊரே கேலி பேசும் வேகம் அது.

"சரிக்கா, கேட்டுப் பாக்குறேன்."

சுலபமாகச் சொல்லிவிட்டாள். மாற்றினால் மறுபடி கையெழுத்து வேண்டும். ஏன் என்று கத்தரிக்கோல் கேட்டு, வெற்றிடம் எதற்கென்று தெரிந்துவிட்டால் ஜெபமாலையே போய்விடும். நாத்தனார் பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போய், வெற்றிடங்களை நீட்டிவிட்டு அதிகாரிக்காகக் காத்திருந்தாள்.

"சார், ஜெபமாலைப் பதிவுல ஒரு சின்ன மாத்தம்."

"என்ன சேர்த்திருக்கீங்க?"

"ஒண்ணும் சேர்க்கலை சார். சும்மா இருக்கிற இடத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கேன்."

"சும்மா இருக்கிறதை எதுக்கு நீட்டணும்?"

சாமியார் டீத் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். அவளுக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"கேக்குறவங்களுக்கு மூச்சு வாங்குது சார்."

அதிகாரி அவளைப் பார்த்தார். சாமியாரைப் பார்த்தார். தட்டிலிருந்த டீயையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"போடுங்க."

வெற்றிடம் வந்தது. ஒலி அளக்கும் மீட்டரில் முள் படுத்துக்கொண்டது. அதிகாரி கண்ணை மூடினார். உதடுகள் லேசாக அசைந்தன, எண்ணினாரோ, ஜெபித்தாரோ. முள் துள்ளி எழுந்தது, சபை ஆரம்பித்துவிட்டது. அவர் உதடுகள் இன்னும் நிற்கவில்லை. கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார்.

"பத்தலை. இன்னும் கொஞ்சம் விடுங்க."

அவள் இன்னும் கொஞ்சம் விட்டாள். முள் மறுபடி படுத்துக்கொண்டது. அவர் விரல் இறங்கவில்லை.