காளிச்சாமி சாரின் எண்

மூணாறு சாலையில் மண் சரிந்து வட்டவடைக்கு ஜீப் வருவது நின்றுவிட்டது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்குச் சொந்த ஊர் வந்த மாரீஸ்வரி வீட்டோடு அடைபட்டுக் கிடந்தாள்.

பாலக்காட்டில் இயற்பியல் ஆராய்ச்சி செய்பவள் அவள். அணுக் கடிகாரம் இருக்கும் அறையின் வெப்பம், உள்ளே இருக்கும் அணுவின் துடிப்பை மிக லேசாக மாற்றிவிடும். எவ்வளவு மாற்றும் என்று கணக்கிட்டுச் சொன்னால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். அதுதான் அவள் வேலை.

அவளுடைய வழிகாட்டி, எலப்புள்ளிக்காரரான காளிச்சாமி, முன்பு கணக்கிட்ட எண்ணைத்தான் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று இன்றும் பயன்படுத்துகிறது. அன்றைய கணினியில் இரண்டிரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்து நகர்வதை மட்டுமே கணக்கிட முடிந்தது. மாரீஸ்வரி மூன்று சேர்ந்து நகர்வதையும் சேர்த்தாள். எண் மாறிவிட்டது.

சிக்னல் கிடைக்கும் பள்ளிக்கூட மேட்டில் குடைக்குள் நின்று அவரோடு பேசினாள்.

"அந்த மூணு எலக்ட்ரான் கணக்கை எடுத்துருங்கம்மா. பழைய எண்ணோட ஒத்து வந்துரும். இன்னைக்கே பேப்பரை அனுப்பிரலாம்."

"அது நெசமாவே இருக்கே சார். எப்படி எடுக்க?"

"அப்பறம் உங்க தீசிஸ் எப்பங்க முடியறது?"

வீட்டில் அம்மா மூக்கம்மாள் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். சாத்திய ஜன்னலுக்குள் நெடி மூச்சை அடைத்தது. மாரீஸ்வரி நடந்ததைச் சொன்னாள்.

"சரின்னு சொல்லிட்டுப் போயேன் தாயி. கடிகாரம் எம்புட்டுத் தப்பா ஓடிரும்?"

"உன் ஆயுசுக்கும் ஒரு நொடிகூட ஆகாதும்மா."

அம்மா சிரித்தாள். மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

லேப்டாப்போடு மறுபடி மேடேறி, பாலக்காட்டுக் கணினியில் வேறொரு சுருக்கு முறையில் கணக்கைச் சரிபார்க்க ஓடவிட்டாள். தன் கணக்கே தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மறுநாள் அவளுடைய புது எண்ணே மறுபடி வந்தது. காளிச்சாமிக்குப் போன் செய்தாள்.

"பழைய எண்ணோடதான் பேப்பர் போகும்னா, அதுலருந்து என் பேரை எடுத்துருங்க சார்."



"உங்க பேரை எடுத்தா, கணக்குப் போட்டது ஆருன்னு கேப்பாங்களே," என்றார். "எம்பட எண்ணுங்க அது. அத வெச்சுத்தான் என்னை இங்க மதிக்கறாங்க."

அவருக்கும் போக வழியில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பேப்பர் இப்ப வேண்டாம்," என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் பாலக்காடு திரும்பினாள். அவளுடைய வணக்கத்துக்கு அவர் தலையை மட்டும் அசைத்தார். கணினியைத் திறந்தபோது அவர் பெயரில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, மூன்று எலக்ட்ரான்கள் சேர்ந்து நகர்வதையும் சேர்த்து. முடியப் பல வாரங்கள் ஆகும். அதுவரை இருவரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.