மேலே போன பந்து

முதல்தரக் கிரிக்கெட்டில் எனக்கு வீசப்பட்ட முதல் பந்தை உயரத் தூக்கி அடித்தேன். அது இன்னும் கீழே வரவில்லை.

திண்டுக்கல் மைதானம். புதுச்சேரி அணியோடு ஆட்டம். பந்து மேலே இருக்கும்வரை ஓடலாம் என்பது விதி. அது தரையில் விழுந்தால் ஓடியதெல்லாம் என் கணக்கில் சேரும். யாராவது பிடித்துவிட்டால் அத்தனையும் போய் நான் பூஜ்யம். ஆகவே ஓடிக்கொண்டிருக்கிறேன். தேர்வுக்குழுவினர் வருடாவருடம் வந்து பார்க்கிறார்கள். அவுட் ஆகாதவனை நீக்கவும் முடியாது, ஒரு ரன்கூட எடுக்காதவனை மேலே அனுப்பவும் முடியாது. டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். என் பிழைப்பு மதில்மேல் பூனைதான்.

எதிர்முனையிலிருந்து ஓடுபவன் செண்பகமூர்த்தி. நடுவில் ஒருவரையொருவர் கடக்கும்போதுதான் பேச முடியும், அதுவும் ஒரு வாக்கியம்.

"எந் தங்கச்சிக்கு மாப்ள பாக்குறோம்டா" என்றான் ஒருமுறை.

அடுத்த ஓட்டத்தில், "என்ன படிச்சிருக்கு?" என்றேன்.

இப்படித்தான் என் கல்யாணம் முடிவானது. பந்து மேலே இருக்கையில் சாப்பாட்டு இடைவேளை கிடையாது. என் மனைவி சுபத்ரா கோட்டருகே நின்று, நான் வரும்போதெல்லாம் தயிர்சாதம் ஓர் உருண்டை ஊட்டுவாள். மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் ரன் அவுட்.

பந்துக்கு நேர் கீழே சவரிராயன் நிற்கிறான். புதுச்சேரி ஆள். கைகளைக் குவித்து அண்ணாந்தே இருப்பதால் அவன் என் முகத்தைப் பார்த்ததில்லை. எனக்கு அவன்மேல் கோபம் உண்டு. அவன் கை நழுவ வேண்டும் என்று என் மகள் பிள்ளையாருக்கு விளக்குப் போடுகிறாள். நழுவக்கூடாது என்று அவன் வீட்டில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறார்களாம்.

நேற்று மத்தியானம் பந்து வந்தது. சவரிராயன் இரண்டடி பின்னால் போய்ச் சுத்தமாகப் பிடித்தான். நான் நின்றேன். நின்று பழக்கமில்லாத கால்கள் நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தன. அழுகை வந்தது. சுபத்ரா தூக்குச்சட்டியை மூடினாள்.

நடுவர் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம பந்து இல்லப்பா. வேற யாரோ அடிச்சது."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் சவரிராயன் மறுபடி அண்ணாந்தான். முதல்முறையாக அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாங்கள் ஓடத் தொடங்கினோம்.

சாயங்காலம் தலை நரைத்த ஒருவர், காலில் பேடும் கக்கத்தில் மட்டையுமாக எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

"தம்பி, பெவிலியன் எந்தப் பக்கம்?"

ஓடியபடியே கையைக் காட்டினேன். திரும்பி வருகையில், "எவ்வளவு சார் அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"முட்டை" என்றார்.

வெளியேறும் மட்டையாளருக்குச் செய்கிற மரியாதையாக எல்லோரும் கைதட்டினார்கள். கோட்டருகே அவர் கடந்தபோது சுபத்ரா ஓர் உருண்டையை நீட்டினாள். அவர் மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றிவிட்டு வாயைத் திறந்தார்.