முப்பது முட்டை, ஐந்து வரிசை

தட்டு மேஜைக்கு வந்தது. வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை, மொத்தம் முப்பது முட்டைகள். மேலே தொங்கிய வெப்பக் கேமரா ஒருமுறை சிமிட்டியது.

பொரிப்பகத்தில் பதினெட்டாம் நாள் முட்டைகளைக் கடைசிப் பெட்டிக்கு மாற்றுவார்கள். உள்ளே உயிர் இருந்தால் முட்டை தானே சூடாக இருக்கும். இல்லையென்றால் சற்றுக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்தது வாளிக்குப் போகும். இதுவரை ஒவ்வொரு முட்டையின் பின்னாலும் டார்ச் அடித்து அதைக் கண்டுபிடித்தவர் டார்ச் அக்கா. அவருடைய உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. இன்று முதல் அந்த வேலை நான் எழுதிய கணினி நிரலுக்கு. அது தப்பாகச் சொன்னால் உயிருள்ள குஞ்சு ஒன்று வாளிக்குள் போகும்.

கேமரா ஒவ்வொரு முட்டையின் சூட்டையும் எண்ணாக்கி, 'அரே' என்ற கட்ட அமைப்பில் தருகிறது. சுவர்த் திரைக்கோ சாதாரணப் பட்டியலான 'லிஸ்ட்'தான் புரியும். காலையில் பைத்தான் நிரல்மொழியில் லிஸ்ட் என்ற கட்டளையைப் போட்டு மாற்றினேன். அரேயை அனுப்ப முடியாது என்று பிழைச் செய்தி வந்தது. அதைத்தான் லிஸ்ட் ஆக்கிவிட்டேனே, இன்னும் எந்த அரே? அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தட்டுகள் வரிசையில் நின்றன. முப்பது எண்களையும் ஒரே நீளக் கோடாகத் தட்டையாக்கி அனுப்பினேன். திரை உடனே ஏற்றுக்கொண்டது. கேள்வியை ஓரமாக வைத்தேன்.

திரையில் கட்டங்கள் ஒளிர்ந்தன. எல்லாம் சிவப்பு. மூன்றாம் வரிசையில் இரண்டாவது மட்டும் குளிர்ந்ததைக் காட்டும் நீலம்.

"பாருடா, டிவி பாத்து முட்டை பொறுக்குற காலம் வந்துருச்சு," என்றார் அக்கா. "மூணாவது வரிசை, ரெண்டாவது. சரிதானே மேடம்?"

தலையாட்டினேன். அவர் 'மேடம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வராது.

அக்கா முட்டையை எடுத்தார். வாளிப் பக்கம் திரும்பியவர் சிரித்தார்.

"ஆமா, உன் டிவியில அஞ்சு வரிசைதான் இருக்கு. என் தட்டுல ஆறு. மீதி ஒரு வரிசையை நீ தின்னுட்டியா?"

திரையை எண்ணினேன். ஐந்து. ஒரு வரிசைக்கு எத்தனை என்று எண்ணினேன். ஆறு. நீளக் கோட்டைத் திரை தன் அகலத்துக்கு ஏற்றபடி மடித்திருந்தது.

"அக்கா, போடாதீங்க!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. வாளியின் விளிம்பில் அக்காவின் கை நின்றது.

"என்னடி, பேச்செல்லாம் வருது?"

"டார்ச் அடிச்சுப் பாருங்க. ப்ளீஸ்."

இடுப்பிலிருந்து டார்ச்சை எடுத்து முட்டையின் பின்னால் வைத்தார். ஓடு ஆரஞ்சாகச் சிவந்தது. உள்ளே இருண்ட மேகம் ஒன்று மெல்ல அசைந்தது, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல. அக்கா அதை அதன் குழியிலேயே வைத்தார்.

"இப்போ எது செத்தது?"

"எல்லா எண்ணையும் ஒரே கோடாக்கிட்டேன், திரை அதை ஆறாறா மடிச்சிருச்சு. நீல எண் பதினாலாவது. அஞ்சஞ்சா எண்ணினா அதே மூணாவது வரிசையில நாலாவது. ஆனா நான் சொல்றத நம்பாதீங்க, ரெண்டு நிமிஷம் கொடுங்க."

"தட்டு ஆறிடும். ஒரே நிமிஷம்."

ஓரமாக வைத்த கேள்வியை எடுத்தேன். காலையில் செய்த லிஸ்ட்டின் முதல் வரிசை என்ன வகை என்று கணினியிடம் கேட்டேன். அரே என்றது. சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன?"

"வண்டியிலேர்ந்து முட்டைத் தட்டுகளையெல்லாம் தனித்தனியா இறக்கிட்டேன்க்கா. ஆனா தட்டுலேர்ந்து முட்டையை எடுக்கவே இல்ல. லிஸ்ட்டுன்னு சொன்னா வெளிப்பக்கத்தை மட்டும்தான் பிரிக்குது. உள்ள ஒவ்வொரு வரிசையும் இன்னும் அரேயாவே உக்காந்திருக்கு."

"அது பிரிக்கலைன்னு நீ மொத்தத்தையும் கொட்டிக் கோடு போட்டியாக்கும்."

"ஆமா."

ஒரு வார்த்தையை மாற்றினேன். லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்டாக ஆறு வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து வெறும் எண்கள். கடைசி எண் வரை பிரிந்திருந்தது, வரிசை கலையவில்லை. திரை மறுபடி ஒளிர்ந்தது. மூன்றாவது வரிசையில் நாலாவது நீலம்.

அக்கா அந்த முட்டையை எடுத்து டார்ச் அடித்தார். நான் அருகில் போய் நின்றேன். உள்ளே எதுவும் அசையவில்லை. முட்டை வாளிக்குப் போனது.

அடுத்த தட்டை இழுத்தவர் பாதியில் நின்றார்.

"என்ன வார்த்தை போட்ட?"

"டூலிஸ்ட்."

"டூ லேட்டா?"

"இல்லக்கா. டூலிஸ்ட்."

"நல்லவேளை," என்றார் அக்கா. டார்ச்சை இடுப்பில் செருகாமல் மேஜைமேல், என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். "முதல் பத்துத் தட்டுக்கு உன் டிவியும் சொல்லட்டும், இதுவும் சொல்லட்டும். நீ டார்ச் அடி, நான் எண்ணுறேன்."