கெங்கம்மாள் குடிக்காத தண்ணீர்

கெங்கம்மாள் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். திண்டிவனத்தில் நான் நர்ஸாக இருந்த அந்தப் பெண்கள் வார்டில் கட்டில் போதாமல் தரையிலும் பாய் போட்டிருந்தது. இதில் இவளிடம் டம்ளரை நீட்டிக்கொண்டு கெஞ்ச எனக்கு எங்கே தெம்பு?

கூட்டேரிப்பட்டுப் பக்கத்துக் கூலிக்காரி. வயிற்றில் கட்டி. அறுத்துப் பார்த்த டாக்டர் அப்படியே தைத்து மூடிவிட்டார். இருக்கிறவரை வலியில்லாமல் வைத்திருங்கள் என்றார். இவளோ கட்டியால் சாகுமுன் தாகத்தால் செத்துவிடுவாள் போலிருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. பஞ்சை நனைத்துத் தடவினால் அதை மட்டும் சப்புவாள். கட்டி அடைக்கிறது போலும் என்றார் டாக்டர்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிப்பாள். அன்றைக்குத்தான் அவள் புருஷன் பச்சைமுத்து பஸ் ஏறி வருவான். புருஷன் கையால் கொடுத்தால்தான் இறங்கும் என்று நான் முடிவு கட்டினேன். "இந்த வயசுல இன்னா கொஞ்சலு?" என்று கேலியும் செய்தேன். அவள் சிரிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் சமயத்தில் ஒரு ஞாயிறு பச்சைமுத்து வரவில்லை. அன்றும் கெங்கம்மாள் தானாகக் கேட்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம்தான் யோசித்தேன், ஞாயிறன்று வார்டில் வேறென்ன மாற்றம்? ஆயா முனியம்மாளுக்கு அன்று லீவு, பதிலுக்கு வேறொருத்தி வருவாள். மற்ற நாளெல்லாம் பெட்பேன் வைத்து எடுப்பவள் முனியம்மாள்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "முனியம்மா உன்ன எதுனா திட்டனாளா?"

"ஐயோ, அவங்கள ஒண்ணும் கேக்காதீங்கம்மா. அவங்க எனக்கு சம்பந்தி. எம்பொண்ணு காந்திமதிய அவங்க புள்ளைக்கித்தான் குடுத்துகீறேன்."

நான் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

"பொண்ணக் குடுத்தவ, சம்பந்தி கையால அத எடுக்க வைக்கலாமா? நாளைக்கி ஒரு சண்ட வந்தா, ஒங்கம்மா பீய அள்ளனவடீ நானுன்னு ஒரு வார்த்த வந்துட்டா? நான் போயிடுவேன். அவதான அந்த ஊட்ல இருந்துக்கினு அதக் கேக்கணும்? தண்ணி குடிக்கலன்னா அந்தத் தொல்லையே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மேட்ரனிடம் கெஞ்சி மறுநாளே முனியம்மாளைப் பிரசவ வார்டுக்கு மாற்றி, அங்கிருந்த கோவிந்தம்மாளை இங்கே கொண்டுவந்தேன். நான் காரணம் சொல்லவில்லை, முனியம்மாளும் கேட்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனவள் வாசலில் நின்று, "நல்லதும்மா," என்றாள். அவளும் இத்தனை நாள் இதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். கெங்கம்மாள் அன்று தண்ணீரோடு கஞ்சியும் குடித்தாள்.

சில நாள் கழித்து, நோயாளிகளைப் பார்க்க வெளியாட்களை விடும் நேரத்தில் முனியம்மாள் வந்தாள். குளித்து, பூ வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தினமும் பெருக்கிய வார்டுதான், ஆனாலும் அழைக்கட்டும் என்று வாசலிலேயே நின்றாள்.

கெங்கம்மாளுக்கு அப்போது தலையைத் தூக்கவும் முடியாது. எப்படியோ முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வாங்க சம்பந்தி. குந்துங்க. பொண்ணு நல்லா கீறாளா?"

"நல்லா கீறா. முழுகாம இருக்கிறவள ஆஸ்பத்திரிக்கி இட்டாரக் கூடாதுன்னு வுட்டுட்டு வந்தேன். ஒங்க ஒடம்பு எப்டிக் கீது?"

இத்தனை நாள் ஒரே வார்டில் இருந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் முகம் பார்க்கிற மாதிரி பேசிக்கொண்டார்கள்.

கெங்கம்மாள் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, எங்க சம்பந்தி வந்துகீறாங்க. ஒரு காப்பி..."

காலையிலிருந்து நின்று நின்று எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் கிழித்திருப்பேன். கடைக்குப் போய் வாங்கிவந்தேன்.

முனியம்மாள் குடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் டம்ளரைக் கழுவ எழுந்தாள்.

"வெச்சிடுங்க சம்பந்தி," என்றாள் கெங்கம்மாள். குரலில் அதட்டலே இருந்தது. "அதுக்கெல்லாம் இங்க ஆளுங்க கீறாங்க."

நான் டம்ளரை வாங்கிக் கழுவினேன்.